வேலையை விடாமல் சமூகப்பணி படிக்கலாமா?

தங்கச்சி, வேறு ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். வயது 27, ஊர் கரவெட்டி. ஏ.எல். கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளி காணாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நெல்லியடியில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை. அந்தச் சம்பளம் வீட்டுக்குத் தேவை. பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணை நிற்கிற வேலைக்குப் போக விருப்பம். வேலையை விடாமல் எதைப் படிக்கலாம், படித்தால் உத்தியோகம் கிடைக்குமா, "ஊர் வீட்டுப் பிரச்சினையெல்லாம் உனக்கேன்" என்கிற அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்கலாம். வேலையை விடத் தேவையில்லை. ஆனால் கற்கைநெறியைத் தேடுவதற்கு முன்பு, எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று தீர்மானியுங்கள். எங்கள் பக்கத்தில் பலர் இதை மாறிச் செய்கிறார்கள். பேப்பரில் "உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமா, சனி ஞாயிறு வகுப்பு" என்று விளம்பரம் பார்த்துக் காசு கட்டிச் சேர்ந்து, முடித்து, பட்டமளிப்புப் படமும் எடுத்த பிறகுதான், இதை வைத்து எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டு வருகிறார்கள். நான் களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்து வருகிறேன். அப்படி வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் கட்டியது பெரும்பாலும் நகை அடகு வைத்த காசு.

என்னென்ன வேலை இருக்கிறது என்று விளங்குவதற்கு ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மருதங்கேணிப் பக்கத்தில் 14 வயதுப் பெடியன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு மீன்வாடிக்கு வேலைக்குப் போகிறான். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி, ஆகவே இது அவனுடைய விருப்பம் என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல. வகுப்பாசிரியர் அதிபருக்குச் சொல்கிறார், கிராம அலுவலரின் காதுக்குப் போகிறது. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். அங்கே தகப்பன் குடித்துவிட்டுத் தாயை அடிக்கிறார் என்று தெரிந்தால் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் உள்ளே வருகிறார்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தாய் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளைக்கும் அடி விழுகிறது என்று யாராவது 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர் பார்ப்பார். விஷயம் நீதவான் முன்னால் போனால் பிள்ளையைப் பற்றிய சமூக அறிக்கையை எழுதுவது நன்னடத்தை உத்தியோகத்தர். தாய் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இயங்கும் பிரிவில் ஒருவர் இருந்து கதைப்பார். வீட்டில் மூன்று வயதுத் தங்கச்சி ஒருத்தி இருந்தால் குடும்பநல மாதுவும் முன்பள்ளி ஆசிரியையும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் அவளைத் தெரிந்திருப்பார்கள்.

ஒரு வீட்டுக்கு இத்தனை பேர். இவர்களில் யாராக இருக்க நீங்கள் ஆசைப்படுகிறீர்கள்? சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்க விருப்பமா? குடும்பத்தோடு உட்கார்ந்து மாதக்கணக்காகக் கதைக்க விருப்பமா? அல்லது கோவையை (பைலை) கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம், பொலிஸ், பள்ளிக்கூடம் என்று ஓடித் திரிந்து ஒரு பிள்ளைக்கு நியாயம் எடுத்துக் கொடுக்க விருப்பமா? இந்த மூன்றுக்கும் படிப்பு வேறு. ஆளின் சுபாவமும் வேறு. முடிவெடுப்பதற்கு ஒரு நல்ல வழி, உங்கள் கரவெட்டிப் பிரதேச செயலகத்துக்கே ஒரு நாள் லீவு போட்டுப் போய், அந்த உத்தியோகத்தர்களில் இரண்டு பேரிடமாவது "உங்கள் ஒரு கிழமை எப்படிப் போகும்" என்று கேட்பது. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. எதிலும் இப்படிக் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். வேலை கூடிய மாத முடிவில் மட்டும் போகாதீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம்.

அரசாங்கப் பதவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டம் கேட்பார்கள். வர்த்தமானியில் (அரச அறிவித்தல் இதழ்) அல்லது மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தலில் பதவி, தகைமை, வயதெல்லை எல்லாம் வரும், போட்டிப் பரீட்சை இருக்கும், பிறகு நேர்முகம். எனவே அரச உத்தியோகம்தான் உங்கள் இலக்கு என்றால் டிப்ளோமாவோடு நிற்காமல் பட்டம் வரை போகிற பாதையைப் பிடியுங்கள். பழைய அறிவித்தல்களை எடுத்து, நீங்கள் விரும்பும் பதவிக்குக் கேட்ட தகைமையை வரிக்கு வரி வாசியுங்கள். "சமூகப்பணி, சமூகவியல், உளவியல் அல்லது அதற்குச் சமமான" என்ற மாதிரியான வரியில்தான் உங்கள் படிப்பு உள்ளே வரும் அல்லது வெளியே நிற்கும்.

சமூகப்பணி என்ற துறைக்கென்றே நாட்டில் இருக்கும் நிறுவனம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952இல் கொழும்பில் சமூகப்பணி நிறுவனமாகத் தொடங்கியதன் தொடர்ச்சி அது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய வடிவம் வந்தது. இரண்டாண்டு சமூகப்பணி டிப்ளோமா, நான்காண்டு சமூகப்பணிப் பட்டம், முதுகலை, உளவளத்துணையில் உயர் டிப்ளோமா, சிறுவர் பாதுகாப்பு டிப்ளோமா என்று அங்கே படிகள் இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் தமிழில் வகுப்பு நடக்கும் என்பது மாறிக்கொண்டிருக்கும். அதனால் விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் நேரே தொலைபேசியில் கேட்டு, அடுத்த அனுமதி எப்போது என்று குறித்துவையுங்கள். என்னிடம் களப்பயிற்சிக்கு வந்தவர்களில் அதிகம் தேறி நிற்பவர்கள் இந்த டிப்ளோமாவைப் படித்தவர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வேலை செய்துகொண்டே படிப்பவருக்கென்று அமைந்தது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது. யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவில் பக்கம் இருக்கிறது. நீங்கள் 750 பஸ்ஸில் டவுனுக்கு வந்து அங்கே போகலாம். முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ், முன்பிள்ளைப்பருவ மற்றும் ஆரம்பக் கல்வி டிப்ளோமா ஆகியவற்றைத் தமிழில் படிக்கலாம். சமூக விஞ்ஞானத்தில் பட்டமும் உண்டு. ஏ.எல். சித்தியில்லாதவர்கள் அடிப்படைக் கற்கை வழியாக உள்ளே போகும் பாதைகளும் உண்டு என்பதை உங்களைப் போல் கேட்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அங்கே ஒரு விஷயம் கவனம். ஒப்படைகளிலும் தொடர் மதிப்பீட்டிலும் போதிய புள்ளி எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள். "சோதனைக்கு முதல் மாதம் படித்துவிடலாம்" என்ற எங்கள் ஏ.எல். பழக்கம் அங்கே எடுபடாது. புத்தகங்கள் தருவார்கள், ஆனால் தினமும் அரை மணித்தியாலமாவது அவற்றைத் திறக்கிற ஆள்தான் கரையேறுகிறார்.

திருநெல்வேலியில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வெளியில் இருந்தே படிக்கிற வெளிவாரிப் பட்டமும் இருக்கிறது. போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் என்ற நிபந்தனையை அது நிறைவேற்றும். ஆனால் வெளிவாரிக் கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகத் தெரியாது. அதற்குப் பக்கத்தில் களப்பயிற்சியுள்ள ஒரு டிப்ளோமாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு வேலை என்றால் தேசிய தொழில் தகைமைப் பாதையும் இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைக்கும் பிள்ளை பராமரிப்பாளருக்கும் சான்றிதழ் உண்டு. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஏற்கெனவே பல வருடம் முன்பள்ளியில் வேலை செய்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் எடுக்கிற வழியும் அதில் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: எங்கள் ஊர்களில் முன்பள்ளிகளைப் பெரும்பாலும் சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ கோயிலோ தேவாலயமோதான் நடத்துகின்றன. ஆசிரியைக்குக் கிடைப்பது ஒரு சிறிய கொடுப்பனவு, அதை வைத்து வீடு நடத்த முடியாது. இவ்வளவு பொறுப்பான வேலைக்கு இவ்வளவு குறைந்த காசு கொடுப்பது எங்கள் சமூகம் வெட்கப்பட வேண்டிய விஷயம். உங்கள் வீடு உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது என்றால் அதை முழுநேர வேலையாக எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

காசு கட்டுவதற்கு முன் ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பது கஷ்டமல்ல. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்ததா என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சி நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும். மூன்று மாதத்தில் "சர்வதேச உளவளத்துணையாளர்" ஆக்குகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். போரில் தகப்பனை இழந்த பிள்ளை முன்னால் வந்து உட்காரும்போது அந்த மூன்று மாதம் எதற்கும் காணாது. உளவளத்துணைதான் உங்கள் விருப்பம் என்றால் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நீண்ட காலமாக உளவளத்துணையாளர்களைப் பயிற்றிவருகிறது. முதலில் அங்கே போய்ப் பேசுங்கள்.

இப்போது மேலே விட்ட விஷயம். எந்தக் கற்கைநெறியாக இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், என்னை யார் மேற்பார்வை செய்வார், அவர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் என்னோடு உட்காருவார்?" என்பதுதான். இதற்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் சேராதீர்கள். விரிவுரையில் படிப்பதையெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். வீட்டுத் தரிசிப்புக்கு, அதாவது குடும்பத்தை வீட்டிலேயே போய்ப் பார்க்கப் போய்வந்து, கண்டதை எழுதி, அனுபவமுள்ள ஒருவர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, "இது நீ கண்டதா, நினைத்ததா" என்று கேட்கும்போதுதான் இந்த வேலை கைக்கு வருகிறது.

ஒரு உதாரணம், விவரங்களை மாற்றி. ஒரு மாணவி முதல் தரிசிப்புக்குப் போய்விட்டு வந்து எழுதியது: "வீடு அசுத்தமாக இருந்தது. தாய் பொறுப்பில்லாதவர். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பது நல்லது." நான் அதைத் திருப்பிக் கொடுத்து, போன நேரத்தில் இருந்து கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதச் சொன்னேன். இரண்டாவது தரம் வந்தது இப்படி:

"பி.ப. 3.20க்குப் போனேன். தாய் வீட்டில் இல்லை. 11 வயது மகள் 3 வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். குசினியில் மூடிவைத்த சோறும் பருப்பும் இருந்தன. தாய் 4.05க்கு வந்தார். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய்வருவதாகச் சொன்னார். கையில் மண் இருந்தது. சிறியவனின் கிளினிக் கொப்பியைக் காட்டினார், கடைசி இரண்டு மாதம் நிறை பதியப்படவில்லை. 'கிளினிக் நாளில் கூலியை விடேலாது' என்றார். மகள் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. திங்கள், வியாழன் போவதில்லை என்று அவளே சொன்னாள், அந்த நாட்களில்தான் தாய்க்குத் தோட்ட வேலை."

அதே வீடு, அதே பின்னேரம். முதல் எழுத்தை வாசிக்கிற உத்தியோகத்தர் பிள்ளைகளைப் பிரிப்பதைப் பற்றி யோசிப்பார். இரண்டாவதை வாசிக்கிறவருக்கு என்ன செய்வது என்று அதிலேயே தெரிகிறது: சிறியவனுக்கு ஒரு பகல் பராமரிப்பு இடமோ முன்பள்ளியோ வேண்டும், குடும்பநல மாதுவிடம் சொல்லி நிறை பார்க்க வேறு நேரம் ஒழுங்கு செய்ய வேண்டும், மகளின் வகுப்பாசிரியரோடு கதைக்க வேண்டும். வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்தில் இருந்து பிரிக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல் சொல்கிறது. அந்த வரியைப் பரீட்சையில் எல்லாரும் எழுதுவார்கள். கிளினிக் கொப்பியை விரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் அதை ஒரு வீட்டில் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்.

எங்கள் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி, பிறந்தநாளுக்கும் நினைவு தினத்துக்கும் இல்லத்தில் சாப்பாடு கொடுக்கிறோம். நல்ல மனதோடுதான் கொடுக்கிறோம். அந்தக் காசில் ஒரு பங்கு அந்தத் தாயின் கைக்குப் போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால் இதைச் சொல்லும் ஆட்களில் ஒருவராக இருங்கள்.

பகுதிநேரம் படிப்பவருக்கு உண்மையான இடைஞ்சல் இந்தக் களப்பயிற்சியில்தான் வரும். வகுப்பு சனி ஞாயிறு. ஆனால் பிரதேச செயலகம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், கிளினிக் எல்லாம் திறப்பது வாரநாளில். அதனால் சேரும் முன்பே உங்கள் முகாமையாளரோடு கதைத்துவிடுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிற வேலை என்றால் வருடத்துக்கு 14 நாள் லீவும் (சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் இது குறையலாம்), திடீர்த் தேவைக்கு 7 நாளும் உங்களுக்கு உரித்து. அந்த 14 நாளைக் கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் செலவழிக்காமல் களப்பயிற்சிக்கு ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குக் கிழமையில் ஒரு அரைநாள் கேட்டுப் பாருங்கள், அதற்குப் பதிலாக மற்ற நாட்களில் பிந்தி நின்று வேலை செய்வதாகச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். களப்பயிற்சி இடத்தையும் வீட்டுக்கு அல்லது நெல்லியடிக்குக் கிட்டவாகக் கேளுங்கள். அதே கிராமத்தில் மட்டும் வேண்டாம். சொந்தக்காரரின் கோவையை நீங்கள் வாசிக்கக்கூடாது, அவர்களும் உங்கள் முன்னால் மனம் திறக்கமாட்டார்கள்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு, வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து. 30 கிரெடிட் டிப்ளோமா என்றால் 1500 மணித்தியாலம். அதை இரண்டு வருடத்தில் பரப்பினால் கிழமைக்குப் பதினாலு, பதினைந்து மணித்தியாலம் வரும். வார இறுதி வகுப்பில் எட்டு மணித்தியாலம் போனாலும் மீதி வாரநாளில் நீங்கள் வீட்டில் தேட வேண்டியது. வேலையால் வந்து, சமைத்து, அப்புறம் படிக்கலாம் என்று நினைத்தவர்கள் பலர் இடையில் நின்றுவிட்டார்கள். வீட்டு வேலையில் ஒன்றையாவது தம்பியின் கையில் கொடுங்கள். நின்றுவிடுகிறவர்களில் அதிகம் பேர் பெண்கள். அவர்கள் நின்றது படிப்பு விளங்காமல் இல்லை.

சேரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளமுதலுதவி வழிகாட்டி ஒன்று இருக்கிறது. பார், கேள், இணை என்ற மூன்று செயலில் அது நிற்கிறது. ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, ஆளை அவசரப்படுத்தாமல் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது. ஆறுதல் சொல்கிறேன் என்று "எல்லாம் கடவுள் விட்ட வழி, அழாதே" என்று வாயை மூடப்பண்ணுகிற பழக்கத்தை அதை வாசித்தாலே விட்டுவிடுவீர்கள். உங்கள் ஊரில் கிராம சிறுவர் அபிவிருத்திக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். பல இடங்களில் அது கொப்பியில் மட்டும் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்த, கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்த ஒருவர் போய் உட்கார்ந்தாலே அது உயிர் பெறும். சிங்களத்தையும் இப்போதே தொடங்குங்கள். அரச சேவைக்குப் போனால் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டத்தான் வேண்டும். கொழும்பில் நடக்கும் பயிற்சிப் பட்டறையில் வாய் திறக்கவும் அது வேண்டும்.

எங்கள் மண்ணில் வேலை செய்பவர் புத்தகத்துக்கு வெளியே படிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்று, இழப்பு. 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் கணவன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத குடும்பங்கள் எங்கள் கிராமங்களில் இருக்கின்றன. படிவத்தில் "தந்தை: உயிருடன் / காலமானார்" என்று இரண்டே பெட்டி இருக்கும். அந்த அம்மாவிடம் எதைப் போடச் சொல்வீர்கள்? மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று சொல்லியும் எடுக்க மறுத்த தாய்மார் பலர். 2016இல்தான், ஆள் காணாமல் இருக்கிறார் என்று பதிந்து சான்றிதழ் எடுக்க ஒரு சட்டவழி வந்தது. இது தெரிந்த பணியாளர் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு, "அவரைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்பினால் நான் கேட்கிறேன்" என்று சொல்வார். போரும் சுனாமியும் தனி ஆளின் மனதை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையுமே குலைத்துவிட்டன, ஆகவே சுகப்படுத்துவதும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் இங்கேயே இருந்து பல ஆண்டுகள் எழுதியும் கற்பித்தும் வந்தார். உளவளத்துணையை ஒரு அறைக்குள் இரண்டு கதிரை என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

மற்றது, சாதி. இதை வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். தரிசிப்புக்குப் போகிற வீட்டில் தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். கதிரை போட்டால் உட்காருங்கள், பாய் விரித்தால் பாயில் உட்காருங்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வசனம், அந்த வீட்டுக்கு உங்களைப் பற்றிய முழுவதையும் சொல்லிவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது. பெரிய வீடுகளிலும் பிள்ளைகள் அடிபடுகிறார்கள், அங்கேயும் படலையைத் தட்ட வேண்டும். அங்கே தட்டுவதுதான் உண்மையில் கஷ்டம்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2009க்குப் பிறகான வருடங்களில் தொண்டு நிறுவனங்களில் இருந்த அளவு வேலை இப்போது இல்லை. பல திட்டங்கள் முடிந்துவிட்டன. இருப்பவையும் பெரும்பாலும் ஒரு வருட, இரண்டு வருட ஒப்பந்தம். அரச நியமனங்கள் ஒழுங்காக வருவதில்லை, வரும்போது ஒரேயடியாக வரும். அதனால் டிப்ளோமா முடித்த கையோடு இப்போதைய வேலையை விடாதீர்கள். முதலில் ஒரு திட்டத்தில் பகுதிநேரமாகவோ விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலை ஒன்றில் தொண்டராகவோ அனுபவம் எடுங்கள், பட்டத்தைத் தொடருங்கள், அறிவித்தல் வரும்போது வயதெல்லைக்குள் தகைமையோடு நில்லுங்கள். உங்களிடம் இருக்கும் ஒன்றைக் குறைத்து எடைபோடவும் வேண்டாம். நுண்கடனில் மாட்டிய குடும்பத்தில் உட்கார்ந்து, எந்தக் கடனுக்கு என்ன வட்டி, எதை முதலில் முடிக்கலாம் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டுக் காட்டத் தெரிந்த சமூகப்பணியாளர் எங்களிடம் மிகக் குறைவு. கணக்குப் பகுதியில் நீங்கள் கழித்த காலம் நேராக அந்த வீட்டுக்குப் பயன்படும். விண்ணப்பத்தில் அதை எழுதுங்கள், நேர்முகத்திலும் சொல்லுங்கள்.

அம்மாவின் பயத்தைத் தட்டிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. குடித்துவிட்டு நிற்கிற ஆளின் வீட்டுக்கு நீங்கள் தனியே போகத்தான் கூடாது. மேற்பார்வையாளருக்குச் சொல்லாமல், போகும் இடமும் திரும்பும் நேரமும் எழுதிவைக்காமல் எந்த மாணவரையும் நான் அனுப்புவதில்லை. முதல் தரிசிப்புகளுக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். இந்த ஒழுங்கை அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஊரில் என்ன கதைப்பார்கள் என்பது அவருடைய மற்றப் பயம் என்றால், யாருடைய வீட்டுக் கதையும் உங்கள் வாயால் அவருக்குக்கூட வராது என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். அவர் கேட்பார். முதல் மாதங்களில் ஒவ்வொரு பின்னேரமும் கேட்பார். நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று அவருக்கு விளங்கிய பிறகு, அயல் பெண் யாராவது தன் பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று வந்தால், அவரே உங்களிடம் கூட்டிக்கொண்டு வருவார். என் மாணவிகளின் வீடுகள் சிலவற்றில் அப்படித்தான் நடந்தது.

களப்பயிற்சிக்கான கடிதத்தை முகாமையாளருக்கு எப்படி எழுதுவது என்று வேண்டுமானால் கேளுங்கள், ஒரு மாதிரி எழுதித் தருகிறேன்.